பத்தடிக்குள் வந்தால்

கம்ப்யூட்டர் மெக்கானிக் வாசற்படியைத் தாண்டி இரண்டு எட்டுகூட வைக்கவில்லை. மூலையில், மேசைமேல் இருந்த மானிட்டர் தானாக ஆன் ஆனது.

வீட்டுக்கார அம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். “வந்துட்டாரு” என்றாள் மெதுவாக.

புருஷன் இறந்து இரண்டு வருஷம் ஆகிறது, அவருடைய மானிட்டர் தினமும் தானாக ஆன் ஆகிறது என்று போனிலேயே சொல்லியிருந்தாள். பேய் ஓட்டுவது மெக்கானிக்கின் தொழில் இல்லை. ஆனாலும் முதுகு சில்லிட்டது.

“உங்க லேப்டாப்பையும் கொண்டு வரச் சொன்னேனே தம்பி?”

“பையிலதான் இருக்கு. அது இல்லாம நான் எங்கயும் போறதில்ல.”

மானிட்டருக்குக் கீழே சீட்டுக்கட்டு அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. அதைத் திருப்பிப் பார்த்ததும் போன உயிர் திரும்பி வந்தது, சிரிப்பும் வந்தது.

“பேயும் இல்ல, பிசாசும் இல்லம்மா. இது கம்பியில்லாத டாக், லேப்டாப்பை மானிட்டரோட இணைக்கிற பெட்டி. சாரோட லேப்டாப் பக்கத்துல வந்தா, தானா மானிட்டரை ஆன் பண்ணும்.”

“அந்த லேப்டாப்தான் அவரோடயே போயிடுச்சே.”

“லேப்டாப்பை இதுக்குத் தெரியாது. உள்ள இருக்கிற வயர்லெஸ் கார்டைத்தான் தெரியும். அதைக் கழட்டி வேற எதுல போட்டாலும் சரி, பத்தடிக்குள்ள வந்தா கண்டுபிடிச்சிடும்.” வாய் அதோடு நிற்கவில்லை. “அந்தக் கார்டோட முனையே ஒரு தினுசு, சாமானியத்துல எதுலயும் உக்காராது. நான் ஒண்ணை ராவி ராவி என் லேப்டாப்புல உக்கார வெச்சிருக்கேன். இந்த ஊர்லயே வேற யாரும்...”

பேச்சு பாதியில் நின்றது. மானிட்டர் அணையவில்லை.

அவள் அதையே பார்த்துக்கொண்டு சொன்னாள். “ரோட்ல அடிபட்டுக் கிடந்தாரு. ஒருத்தன் கிட்டப் போய்க் குனிஞ்சானாம். அவன் பாத்துப்பான்னு தூரத்துல நின்னவங்க யாரும் ஆம்புலன்ஸைக் கூப்பிடல. அவன் இவரோட லேப்டாப் பையை மட்டும் தூக்கிட்டுப் போயிட்டான். அரைமணி முன்னாடி கொண்டு வந்திருந்தா பொழைச்சிருப்பார்னு டாக்டர் சொன்னாரு.”

மெக்கானிக்கின் கை தோள்பையை இறுக்கிப் பிடித்தது. வாசல் கதவு எப்போது சாத்தப்பட்டது என்று அவன் கவனித்திருக்கவில்லை.

“தினமும் ஆன் ஆகுதுன்னு போன்ல சொன்னீங்களே?”

“இன்னைக்குத்தான் தம்பி ஆன் ஆச்சு. நீங்க பதினோராவது மெக்கானிக்.”