காயாத கண்ணாடி

“கண்ணாடியில கை வச்சே, நடக்கிறதே வேற!”

காரோடு வந்திருந்த இன்ஜினியர் போட்ட சத்தத்தில், துணியோடு நீண்ட கடைக்காரரின் கை அப்படியே அந்தரத்தில் நின்றது. கார் கண்ணாடிகளுக்கு ஃபிலிம் ஒட்டும் கடை அது. தன் வண்டிக்காகக் காத்திருந்த இன்னொருவர், காபியைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்க்க வசதியாக நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

“சார், துடைச்சுப் பாத்தாத்தானே என்ன கறைன்னு தெரியும்?”

“துடைக்கிறேன்னு ஃபிலிமையே கிழிச்சு வைப்பே. உன்னை மாதிரி எத்தனை பேரைப் பாத்திருக்கேன்! பதினெட்டு நாளாச்சுய்யா. ஒட்டினப்போ என்ன சொன்னே? உள்ள தங்கின தண்ணி ஒரு வாரத்துல காஞ்சிடும், அதுவரைக்கும் கண்ணாடியை இறக்காதீங்கன்னு சொன்னியா இல்லியா?”

“சொன்னேன் சார்.”

“நானும் இறக்கல. பார்க்கிங்ல சீட்டு வாங்கக்கூடக் கதவைத் திறந்து குனிஞ்சு வாங்குறேன். இங்க பாரு, திட்டுத் திட்டா எப்படி நிக்குதுன்னு! ஃபிலிம் ஒட்டச் சொன்னா உலக வரைபடம் ஒட்டி வச்சிருக்கே!”

கடைக்காரர் குனிந்து பார்த்தார். மற்ற மூன்று கதவுகளிலும் கண்ணாடி பளிச்சென்று இருந்தது. டிரைவர் பக்கக் கண்ணாடியில் மட்டும் வெள்ளை வெள்ளையாகத் தண்ணீர்க் கறை. பதினாறு வருடத் தொழிலில் பதினெட்டு நாள் காயாத தண்ணீரை அவர் பார்த்ததே இல்லை.

அந்த நேரம் பார்த்து இன்ஜினியரின் கைபேசி அடித்தது. “கம்பி கட்டாம எவன்டா கான்கிரீட் போடச் சொன்னான்?” என்று அதில் இரைந்தபடியே அவர் வாசலுக்குப் போனார்.

காருக்கு மறுபக்கம் நின்றிருந்த அவர் மனைவி, சட்டென்று கடைக்காரர் பக்கத்தில் வந்தார்.

“தம்பி, ஒரு உதவி. இந்தத் தண்ணி காயாம பாத்துக்க ஏதாவது வழி இருக்கா?”

கடைக்காரருக்குத் தன் காது மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. “காயாமலா?”

“இவரு கார்ல உக்காந்தாப் போதும், ஊர்ல வேற ஒருத்தனுக்கும் ஓட்டத் தெரியாது. கண்ணாடியை இறக்கி, போறவன் வர்றவனையெல்லாம் வாய்க்கு வந்தபடி பேசுவாரு. போன மாசம் ஒரு லாரி டிரைவர் இறங்கி வந்து, ஜன்னல் வழியா சட்டையைக் கொத்தாப் பிடிச்சுட்டான். நான் கையெடுத்துக் கும்பிட்டேன், விட்டான். அடுத்தவன் விடுவானா?”

“கண்ணாடி மூடியிருந்தா, அம்மா?”

“உள்ளயே கத்துவாரு. வெளிய ஒருத்தருக்கும் கேக்காது. இறங்கிப் போய்க் கேக்கலாம்னா, பெல்ட்டைக் கழட்டி, முட்டியைப் பிடிச்சுக்கிட்டு எந்திரிக்கிறதுக்குள்ள சிக்னல் விழுந்துடும். இந்தப் பதினெட்டு நாளாத்தான் என் உசுரு உடம்புல தங்கியிருக்கு. இறக்கலாமான்னு அவரு கேட்டா, தயவுசெஞ்சு சரின்னு மட்டும் சொல்லிடாதீங்க தம்பி.”

சொல்லிவிட்டு விறுவிறுவென்று காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

கடைக்காரர் அந்தக் கறையை மெல்ல நகத்தால் சுரண்டினார். நகத்தில் வெள்ளையாக ஏதோ ஒட்டியது. அவர் ஃபிலிம் ஒட்டியிருப்பது கண்ணாடியின் உள்பக்கம். இந்தக் கறையோ வெளிப்பக்கம். நாக்கில் வைத்துப் பார்த்தார். உப்பு!

ஃபிலிம் எப்போதோ காய்ந்துவிட்டது. ஈரத்துணியால் ஒரு இழுப்பு இழுத்தால் கறையும் போய்விடும், கடையின் பேரும் பிழைத்துவிடும். ஆனால் அந்த அம்மாவின் முகம் கண் முன்னாலேயே நின்றது. துணியை மடித்து உள்ளே வைத்துவிட்டார்.

பேசி முடித்து இன்ஜினியர் திரும்பி வந்தார். “என்னய்யா, என்னதான் பண்ணப் போறே?”

“கனமான ஃபிலிம் சார். தண்ணியைக் கொஞ்சம் தாராளமா விட்டு ஒட்டிட்டேன். என் மேலதான் தப்பு. இன்னும் ஒரு பத்து நாள் இறக்காம இருங்க.”

சொல்லிவிட்டு, விழப்போகும் வசவுக்காகக் கண்ணை இறுக மூடிக்கொண்டார். வசவு விழவில்லை. கண்ணைத் திறந்தால், இன்ஜினியர் காரை ஓரக்கண்ணால் ஒருமுறை பார்த்துவிட்டு, மூச்சு மேலே படும்படி நெருங்கி நின்றார்.

“பத்து நாள் எந்த மூலைக்குய்யா? சொல்றதுதான் சொல்றே, ரெண்டு மாசம்னு அவ காதுல விழற மாதிரிச் சொல்லக் கூடாதா? அவ எந்திரிக்கிறதுக்கு முன்னாடி தினம் போய் உப்புத் தண்ணி தெளிக்கிறது என்ன லேசுப்பட்ட காரியமா?”

கடைக்காரர் வாயைப் பிளந்தார். “சார்… நீங்களா?”

“மெதுவாப் பேசுய்யா! அந்த லாரிக்காரன் கை இன்னும் என் கழுத்துலயே இருக்கற மாதிரி இருக்கு.”

“சண்டை வேணாம்னு தோணிடுச்சுன்னா, நீங்களே பேசாம கண்ணாடியை ஏத்திவிட்டுட்டுப் போகலாமே சார்? எதுக்கு இந்தப் பாடு?”

கல்யாணமே ஆகாத ஆளைப் பார்ப்பதுபோல் இன்ஜினியர் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்.

“இருபத்தஞ்சு வருஷமா அவ சொல்லிட்டிருக்கா. இப்போ நானா நிறுத்தினா, அவ ஜெயிச்ச மாதிரி ஆயிடாதா?”