பக்கெட்டில் வந்த மீன்

"இன்னா மனுசன் நீங்க! வாயில்லா ஜீவன அடைச்சு வெச்சுப் பாக்குறதுல அப்படி இன்னா சுகம்?"

ஏரிக்கரையில் மீனம்பாள் பக்கெட்டை விடவில்லை. எதிரே அவள் கணவர் பீமாராவ், ஆபீஸ் சட்டையோடு, அதே பக்கெட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்.

பக்கெட்டுக்குள் ஒரு சக்கர் மீன். கண்ணாடித் தொட்டியில் பாசி படியாது என்று கடைக்காரர் சொன்னதைக் கேட்டு மீனம்பாள்தான் வாங்கிவந்தாள். அப்போது விரல் நீளம். ஆறே வருஷத்தில் ஒன்றரை அடி!

உடம்பெல்லாம் கவசம், முதுகில் முள். போன புயலில் மூன்று நாள் கரண்ட் இல்லாமல் மற்ற மீன்களெல்லாம் செத்து மிதந்தன. இது மட்டும் மேலே வந்து காற்றைக் குடித்துவிட்டு, மறுபடி போய்க் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. இப்படியும் ஓர் உயிரா என்று வீடே வாய் பிளந்தது.

இப்போது தொட்டியில் அதனால் திரும்பக்கூட முடியவில்லை. "ஏரியில விட்டுடலாம், புண்ணியம்" என்று ஒரு வருஷமாகக் கெஞ்சிப் பார்த்தாள். சுரைக்காய் நறுக்கிப் போடுவார், தண்ணீர் மாற்றுவார், ஏரி என்றால் மட்டும் மனுஷன் மசியமாட்டார்.

அதனால்தான் இன்று அவர் ஆபீஸ் போனதும் செஞ்சியிலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்தாள். தெரிந்த ஆட்டோக்காரர் பீமாராவுக்குப் போன் போட்டுச் சொல்ல, அவர் பைக்கில் பறந்து வந்துவிட்டார்.

"விடுங்க சார். அந்தம்மா நல்லதுதான பண்ணுது?" என்றார் கரையில் நின்ற ஒருவர்.

"மீனா, கால்ல வேணா விழறேன். வீட்டுக்குப் போலாம். பெருசா சிமென்ட் தொட்டி கட்டிடலாம்."

அந்த நேரம் பார்த்து, மீன் பிடிக்கிற தைலம்மாள் வலையைக் கரையில் இழுத்துப் போட்டார்.

மீனம்பாள் எட்டிப் பார்த்தாள்.

வலை முழுக்கச் சக்கர். பெரிசும் சிறிசுமாக, கறுப்புக் கறுப்பாக. பேருக்குக்கூட ஒரு கெண்டை இல்லை. முள் குத்தி வலை கிழிந்து தொங்கியது. தண்ணீரை விட்டு வெளியே வந்தும் ஒன்றுகூடச் சாகவில்லை.

"இதான்மா எங்க பொழப்பு" என்றார் தைலம்மாள். "இத யாரு வாங்குவா? மத்த மீனு முட்டையெல்லாம் தின்னுட்டு ஏரியவே புடிச்சிக்கிச்சு. உன் வூட்டுக்காரரு ஞாயித்துக்கெழமையானா வந்து, எங்களோட நின்னு ஒவ்வொண்ணா புடுங்கிப் போடுறாரு. கையப் பாரு."

உள்ளங்கை முழுக்கக் கீறல். ஞாயிற்றுக்கிழமை சீட்டாடப் போகிறார் என்றல்லவா அவள் நினைத்திருந்தாள்! வண்டி ரிப்பேரில் பட்ட காயம் என்று அவர் சொன்னதையும் நம்பியிருந்தாள்.

பக்கெட்டை மார்போடு அணைத்துக்கொண்டாள். "எந்தப் பாவி இத மொதல்ல இங்க கொண்டாந்து விட்டான்?"

பீமாராவ் தலையைக் குனிந்தார்.

"நான்தான். நம்ம கல்யாணத்துக்கு முன்னாடி. ரெண்டு வளர்த்தேன். தொட்டி பத்தல, பாவமா இருந்துச்சு..."

தைலம்மாளை நிமிர்ந்து பார்க்க அவருக்குத் தைரியம் இல்லை.

"இத்தினி வருசமா உங்ககிட்ட சொல்ல வாய் வரலம்மா. மன்னிச்சிடுங்க."

தைலம்மாள் வலையிலிருந்து கையை எடுக்காமலே சொன்னார்:

"தெரியும் சார். அன்னிக்கு நீங்க விட்டப்போ, மகராசனா இருன்னு கையெடுத்துக் கும்புட்டதே நான்தான?"