நான்காவது பீரங்கி

"மாமா, முந்தாநாள் சண்டையில ரெண்டு பீரங்கியைப் பிடிச்சேன்னீங்க. நேத்து அது மூணு. இன்னைக்குக் காலையில பஸ் ஸ்டாப்புல நாலுன்னு சொல்லியிருக்கீங்க. ஏதாவது ஒரு கணக்குல நில்லுங்களேன்."

மைத்துனன் கெஞ்சினான். வார்டு தேர்தலில் நிற்கும் அவனுடைய அக்கா வீட்டுக்காரர், ஊராருக்குப் பட்டாளத்தார், தேநீரை ஆற்றிக்கொண்டே சிரித்தார்.

பெயருக்குத்தான் அது தேர்தல் அலுவலகம். உண்மையில் மைத்துனனின் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி. இடம் போதாமல், சுவரில் 'இங்கே திரும்பாதே' என்ற அட்டைக்கு நேர் கீழே வேட்பாளரின் படத்தை ஒட்டியிருந்தார்கள்.

எதிர்த்து நிற்பவர் மரக்கடைக்காரர். மூன்று முறை கவுன்சிலர். அவர் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். இந்த ஆள் பட்டாளத்தில் இருந்தது நிஜமென்றால், அங்கே கொடுத்த பணிப்பதிவேடு எங்கே?

பதிவேடு இல்லை. என்றைக்கோ கரையான் அரித்துவிட்டது. அதைப் பட்டாளத்தார் மேடையிலேயே சொல்லித் தொலைத்தார். மறுநாளிலிருந்து தெருவில் பார்த்தவர்கள் எல்லாம் கரையானை நலம் விசாரித்தார்கள்.

மைத்துனனுக்குத்தான் எங்காவது ஓடிவிடலாமா என்றிருந்தது. கார் ஓட்டப் பழக வந்த அறுபது பேரிடமும், அவர்கள் கிளட்சிலிருந்து காலை எடுப்பதற்குள், தன் மாமா அசல் பட்டாளத்துக்காரர் என்றும், அது பொய்யென்றால் தொழிலையே விட்டுவிடுவதாகவும் சத்தியம் செய்து வைத்திருந்தான். மாமா பொய்யர் என்று முடிந்தால், அப்புறம் பிரேக் எது என்று அவன் காட்டினால்கூட எவனும் நம்பமாட்டான்.

"நகல் கேட்டு எழுதிப் போடக் கூடாதா மாமா?"

"நகல் வேணும்னா அசலைக் கொண்டுவான்னு பட்டாள ஆபீஸ்ல சொல்றான் மாப்ள."

அன்று மாலைக் கூட்டத்தில் பட்டாளத்தார் இன்னும் ஒரு படி மேலே போனார். தன் படை எண்ணை ஒலிபெருக்கியில் சொன்னார். இலக்கம் இலக்கமாக, இரண்டு தடவை. சேர்ந்த தேதி, பயிற்சி முகாம், விலகிய வருடம் எதையும் விடவில்லை. முன்வரிசையில் மரக்கடைக்காரரின் ஆள் ஒருவன் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தான். அவனை நோக்கிக் குனிந்து, "கடைசி நம்பர் ஏழு தம்பி, ஒண்ணு இல்ல" என்று திருத்தினார். தைரியமிருந்தால் தன் பதிவேட்டைத் தோண்டி எடுக்கட்டும் என்று சவால் விட்டுவிட்டு இறங்கினார்.

மரக்கடைக்காரருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அவருக்கு மேலிடத்தில் ஆள் பழக்கம் உண்டு. ஆறே நாளில் சுவருக்குச் சுவர் பதிவேட்டின் நகல் பல்லிளித்தது.

அதன்படி, பட்டாளத்தார் பன்னிரண்டு வருடம் நான்கு மாதம் பட்டாளத்தில் இருந்தது உண்மை. பீரங்கிக்கும் அவருக்கும்தான் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. மலைப்பாதையில் மூட்டை சுமக்கும் கோவேறு கழுதைகளுக்குத் தீனி வைக்கும் பிரிவில் இருந்திருக்கிறார். சிறப்புக் குறிப்பு என்ற கட்டத்தில், 'கழுதைகள் இவர் பேச்சைக் கேட்கின்றன' என்று யாரோ ஓர் அதிகாரி மனசார எழுதியிருந்தார். மரக்கடைக்காரர் அதற்குக் கீழே கொட்டை எழுத்தில் சேர்த்திருந்தார்: 'வாக்காளர்களே, நீங்களுமா?'

மைத்துனன் அன்று வண்டியை எடுக்கவே இல்லை. பட்டாளத்தாரோ சளைக்கவில்லை. முத்திரை இல்லாத தாளை எவனும் அச்சடிக்கலாம், அதிகாரி கையெழுத்தும் முத்திரையும் போட்ட பிரதியை என் அலுவலகத்துக்கே கொண்டுவந்து கொடுத்தால் அந்த நிமிடமே ஒத்துக்கொள்கிறேன் என்று மேடையில் முழங்கினார்.

மறுநாள் மரக்கடைக்காரர் நேரிலேயே வந்துவிட்டார், புகைப்படக்காரரையும் கூட்டிக்கொண்டு. உறையைப் பிரித்துத் தாளை மேசைமேல் தட்டி வைத்தார்.

"முத்திரை இருக்கு, கையெழுத்து இருக்கு, தேதி இருக்கு. நல்லாப் பாத்துக்குங்க. நீங்களே வச்சுக்குங்க சார், சட்டம் போட்டு வீட்டுல மாட்டலாம்."

பட்டாளத்தார் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். கழுதைதான் மேய்த்தேன் என்று புகைப்படக்காரரைப் பார்த்துத் தெளிவாகச் சொன்னார். வாசல் வரை போய், மரக்கடைக்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கி நன்றி வேறு சொன்னார்.

மரக்கடைக்காரரின் கார் தெருமுனை திரும்பியதும் மைத்துனன் தலையில் கைவைத்து உட்கார்ந்தான்.

"எல்லாம் போச்சு மாமா. ஒரு ஓட்டு விழாது."

"விடு மாப்ள. வார்டுல இருக்கிற சாக்கடை எல்லாம் அவருக்குத்தான் பழக்கம், அவரே பாத்துக்கட்டும்" என்றவர், உள்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். "முத்திரை சுத்தமா விழுந்திருக்கு. கிளம்பு."

பயண உடையில் அக்கா சுவரைப் பிடித்தபடி மெல்ல வந்தாள். அவள் நீட்டிய பிளாஸ்டிக் உறைக்குள் பட்டாளத்தார் அந்தத் தாளைக் கசங்காமல் வைத்தார்.

மைத்துனனுக்கு ஒன்றும் புரியவில்லை. "எங்க கிளம்பிட்ட அக்கா?"

"பட்டாளத்து ஆஸ்பத்திரிக்குடா, என் முட்டி ஆபரேஷனுக்கு. இந்தக் காகிதம் இல்லாம அங்க சேத்துக்க மாட்டாங்க. உங்க மாமா நாலு வருஷமா ஆபீஸ் ஆபீஸா எழுதிப் போட்டாரு, ஒருத்தனும் அசையல" என்றாள் அக்கா. "அப்புறம்தான் நான் சொன்னேன், பேசாம தேர்தல்ல நில்லுங்க, எதிர்ல நிக்கிறவன் ஒரே வாரத்துல எடுத்துக் கொடுத்துடுவான்னு."