தறி நின்றபோது கேட்ட அழுகை

நகரியில் ஒரு பவர்லூம் கொட்டகை. பட்டப்பகலில் கரண்டு போகிறது. எல்லாத் தறிகளும் ஒரே அடியில் நிற்கின்றன. தகரக் கூரை ஓட்டைகளின் வழியே விழும் வெயிலில் பஞ்சுத்தூசி மட்டும் இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறது. அந்த அமைதியில் ஒரு குழந்தை அழுவது கேட்கிறது. இப்போது ஆரம்பித்த அழுகை இல்லை, கத்திக் கத்திக் கம்மிப்போன குரல். இரண்டு தறி ஓட்டும் தாட்சாயணி மூலைக்கு ஓடுகிறாள். அங்கே தூலத்தில் கட்டிய புடவைத் தூளியில், ஏணையில், அவள் குழந்தை. தறிகள் ஓடுகிற அதிர்வில் ஏணை தானாகவே ஆடும், ஆட்ட ஆள் வேண்டாம். குழந்தையின் கன்னத்தில் கண்ணீர் காய்ந்து, அதில் பஞ்சு ஒட்டியிருக்கிறது. “கரண்டு போனா அதுவும் அழுவுது பாரு, என்ன மாதிரியே” என்று சிரிக்கிறான் மேஸ்திரி கோவர்த்தனன். “இப்போ ஆரம்பிச்சதில்ல மேஸ்திரி, தொண்டையே கட்டிகினு கீது.” பக்கத்துத் தறி சந்திரம்மா சத்தமே இல்லாத இடத்திலும் கத்தித்தான் பேசுகிறாள். தாட்சாயணியிடம் திரும்புகிறாள்: “எப்போலேர்ந்துடி அழுவுது?” “தெர்லக்கா. ஏணை ஆடிக்கினுதான் இருந்துச்சி. தூங்குதுன்னு நெனச்சேன்.” தோளில் போட்டுத் தட்டுகிறாள். குழந்தை விக்குகிறது.

கரண்டு வருகிறது. தறிகள் மறுபடி இரைகின்றன. ‘வுட்டுட்டு வாம்மே, சாயந்திரம் லோடு ஏறணும்’ என்று மேஸ்திரி சொல்வது அவன் வாய் அசைவில் தெரிகிறது. தாட்சாயணி குழந்தையைப் பார்க்கிறாள். அதன் வாய் அகலத் திறந்திருக்கிறது. அழுகிறதா, கொட்டாவி விடுகிறதா, தெரியவில்லை. குனிந்து அந்த வாயில் காதை வைக்கிறாள். அதற்குள்ளும் தறிதான் ஓடுகிறது.