கொக்கியில்லாத வீடு

லாரியிலிருந்து கட்டிலும் பீரோவும் இறங்கியபோது யாரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. மின்விசிறியை இறக்கியதும் தெருவே வந்து நின்றது. "இங்க எந்த வீட்லயும் ஃபேன் கெடையாது," என்றாள் பக்கத்து வீட்டு எஸ்தர், செத்த எலியைக் காட்டுவதுபோல் அதைக் காட்டி. உண்மைதான், நாங்கள் குடிவந்த வீட்டுக் கூரையில் கொக்கியே இல்லை. சென்னையில் மின்விசிறியின் கடகட சத்தத்திலேயே தூங்கிப் பழகிய எனக்கும் என் மனைவி வனஜாவுக்கும் இந்த மலையூரின் அமைதி பிடரியில் யாரோ கை வைத்ததுபோல் இருந்தது. நானே உத்தரத்தில் துளை போட்டு மாட்டினேன். கம்பளிக்குள் சுருண்டுகொண்டு ஓடவிட்டோம். மறுநாளிலிருந்து பால்காரர் எங்கள் வாசலைத் தாண்டிப் போனார். டீக்கடையில் எனக்கு மட்டும் ஆறிய டீ. சித்திரையில் அந்த ஊர் முதன்முறையாக வியர்த்தது. "இதுங்க கீழேருந்து கொண்டாந்த வெக்கை," என்று எங்கள் காதுபடவே பேசினார்கள். ஒரு நண்பகலில் மொத்தத் தெருவும் கதவைத் தட்டியது. உடைக்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று வனஜா மின்விசிறிக்குக் கீழே போய் நின்றாள். அவர்களோ அந்த வெக்கையிலும் விடாமல் போட்டிருந்த ஸ்வெட்டர்களைக் கழற்றி மூலையில் எறிந்துவிட்டு, அவளைச் சுற்றித் தரையில் படுத்தார்கள். கால் வைக்க இடமில்லை. "அஞ்சுல வைங்க," என்றாள் எஸ்தர், கண்ணைத் திறக்காமல். வைத்தேன். "இப்ப ரெண்டு பேரும் வெளிய போங்க. உங்க மூச்சே சுடுது." வெயிலில் வந்து நின்றோம். உள்ளே யாரோ தாழ் போட்டார்கள். மூடிய கதவுக்குப் பின்னால் எங்கள் மின்விசிறி கடகடத்தது. நின்றபடியே வனஜாவுக்குக் கண் செருகியது.