கயித்துக்கு அந்தப் பக்கம்

"நிறுத்துங்க பெரியப்பா. குழந்தையை நானா முள்ளுல தள்ளினேன்? 'தள்ளினதுக்குச் சமம்'னா என்ன அர்த்தம்? தள்ளலைன்னு உங்களுக்கே தெரியும்னு அர்த்தம்!"

"மெதுவாப் பேசு. எல்லாரும் பாக்கறாங்க"ன்னு அப்பா பல்லைக் கடிச்சார்.

பாக்கட்டும். லீவுக்கு வந்த இடத்துல, கள்ளித் தோட்டத்து வாசல்ல வச்சு என்னைக் கூண்டுல ஏத்தினது நானா?

என் மடியில குப்புறப் படுத்து விசும்பிட்டு இருந்தா சிட்டு. பெரியப்பாவோட பேத்தி. உள்ளங்கை, தொடைக்குப் பின்னாடின்னு எங்க பாத்தாலும் முள். முள்ளுன்னா கண்ணுக்குப் பளிச்சுன்னு தெரியற முள் இல்லை. முயல் காது மாதிரி ஒரு கள்ளி. பாத்தா பஞ்சு ஒட்டின மாதிரி சாதுவா இருக்கும். தொட்டா போச்சு, பூனை முடி மாதிரி கொத்தாத் தோல்ல இறங்கிடும்.

டிக்கெட் குடுக்கற அக்கா ஒட்டற டேப்பைக் கொண்டு வந்து நீட்டினாங்க. "தேய்க்காதம்மா, உடைஞ்சு உள்ள போயிடும். ஒட்டு, சட்டுனு இழு."

ஒட்டினேன். இழுத்தேன்.

"வேணாம் சித்தி, வேணாம்!" சிட்டு வீல்னு கத்தினா.

"என்னது பெரியப்பா? நான் போனை நோண்டிட்டு இருந்தேனா? வண்டியில கண்ணாடியை விட்டுட்டேன், ஓடிப்போய் எடுத்துட்டு வான்னு என்னை விரட்டினது யாரு? அப்ப இவ உங்க கையைப் பிடிச்சுட்டு நின்னா. நான் திரும்பி வரும்போது செடியைச் சுத்திக் கட்டின கயித்துக்கு அந்தப் பக்கம் அலறிட்டு இருந்தா. இந்தப் பக்கம் நீங்க!"

"அவளே குனிஞ்சு பூந்துட்டாளாம்டி. இவர் போர்டைப் படிச்சிட்டு இருந்தாராம்"னாங்க பெரியம்மா, பாவமா.

"கண்ணாடி இல்லாமயா?"

அம்மா என் தோள்ல நறுக்குனு கிள்ளினாங்க. கிள்ளினா வாய் மூடிக்குமா?

"சரி, என் தப்புன்னே வச்சுக்கோங்க. அதுக்கும் என் ஹாஸ்டலுக்கும் என்ன சம்பந்தம்? ஒரு குழந்தையைப் பாத்துக்கத் துப்பில்லாதவளை நம்பி வெளியூருக்கு அனுப்பக் கூடாதா? இதென்ன நியாயம்? அடுத்த வாரம் காலேஜ் திறக்குது. ராவும் பகலும் படிச்சு நான் வாங்கின சீட்டு பெரியப்பா, உங்க வீட்டு மாடியில காயப்போட்ட துணி இல்லை, நினைச்சப்ப எடுத்து மடிச்சு வைக்க!"

அப்பாவைப் பாத்தேன். எங்கப்பா இருக்காரே, அண்ணன் உட்காருன்னா நாற்காலி இருக்கான்னு கூடப் பாக்க மாட்டார். உட்கார்ந்துடுவார்.

"அப்பா, ஏதாவது சொல்லுங்கப்பா."

சொன்னார். தரையைப் பாத்துட்டுச் சொன்னார்.

"சரிண்ணா. ஹாஸ்டல் நடத்தறவர் உங்க சிநேகிதர்தானே? இவ வரலைன்னு நீங்களே சொல்லிடுங்க."

டேப் பிடிச்ச கை எனக்கு அப்படியே நின்னு போச்சு. அம்மா வேற பக்கம் திரும்பிட்டாங்க. அவ்வளவுதானா? ஒரு போன் கால்ல முடிஞ்சுதா என் படிப்பு?

பெரியப்பா சட்டைப் பையிலேர்ந்து போனை எடுத்தார். கண்ணாடி இன்னும் என்கிட்டதான். நம்பர் தெரியறதுக்காக, போனைத் தூக்கிப் பிடிச்சுக் கையை எட்ட நீட்டினார்.

மடியில கிடந்த சிட்டு விலுக்குனு எழுந்து உட்கார்ந்தா. கன்னத்துல கண்ணீர், மூக்குல சளி. ஆனா அத்தனை பல்லும் தெரிய இளிச்சா.

"சிரிக்கறேன் தாத்தா! பாருங்க, அழாம சிரிக்கறேன்! போட்டோ இங்கயே எடுங்க. மறுபடியும் என்னை அந்தச் செடிகிட்ட தூக்கி வைக்காதீங்க!"

பெரியப்பா நீட்டின கையைச் சட்டுனு மடக்கினார்.

"எங்க கிளம்பறீங்க பெரியப்பா? போனை ஏன் பைக்குள்ள போடறீங்க? எடுங்க. உங்க சிநேகிதருக்குப் போடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க. அப்பாவுக்கு, பெரியம்மாவுக்கு, இந்த டிக்கெட் அக்காவுக்கு, வரிசையில நிக்கறவங்களுக்கு, எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லுங்க, யாரை நம்பி யாரை விடக்கூடாது?"