இணைப்பைத் துண்டித்தவர்

வானொலியின் காலை விளையாட்டு அரட்டையில், ஒரு தையல்காரர் மூன்றாவது நாளாக லைனில் வந்தார்.

“நேத்து மேட்ச்ல கோல்கீப்பர் பிரமாதம்னு சொன்னீங்களே? அவர் கால் உடைஞ்சு ஒரு வாரமா ஆஸ்பத்திரியில படுத்திருக்கார். நீங்க மேட்சே பாக்கலையா?”

அறிவிப்பாளருக்குக் காது சிவந்தது. “அண்ணே, நீங்க துணியை மட்டும் வெட்டுங்க. இனிமே இந்த நிகழ்ச்சிக்கு போன் பண்ணாதீங்க!”

இணைப்பைத் துண்டித்துவிட்டு மைக்கில் சிரித்தார். “ஒருத்தர் போனா என்ன? நம்ம லாரி டிரைவர் இருக்கார், வாத்தியார் இருக்கார், தினமும் சண்டைக்கு வர்ற மாமா இருக்கார். கூப்பிடுங்க!”

யாரும் கூப்பிடவில்லை. அந்த வாரம் முழுக்க ஒரு போன்கூட வரவில்லை. அறிவிப்பாளர் தானே கேள்வி கேட்டு, தானே பதில் சொல்லி, தானே சிரித்துக்கொண்டார்.

சனிக்கிழமை நிலைய மேலாளர் எட்டிப் பார்த்தார். “திங்கள்லேர்ந்து இந்த நேரத்துல சமையல் குறிப்பு போடலாம்னு இருக்கோம்.”

பதறிப்போன அறிவிப்பாளர், பழைய நோட்டைப் புரட்டி லாரி டிரைவரின் எண்ணைத் தேடிப் பிடித்து போன் போட்டார்.

“டிரைவர் அண்ணே, நீங்களும் கைவிட்டா நான் எங்க போவேன்? அந்த டைலரைத் திட்டினதுக்கு நீங்க ஏன் கோவிச்சுக்கிறீங்க?”

மறுமுனையில் தையல் மெஷின் ஓடி நின்றது.

“ஒரே ஆள் பேசினா நிகழ்ச்சி களை கட்டாதேன்னுதான் தம்பி, இத்தனை நாளா மெனக்கெட்டேன். போகட்டும் விடுங்க. திங்கக்கிழமை டிரைவரா வரட்டுமா, வாத்தியாரா வரட்டுமா? மாமாவுக்கு மட்டும் தொண்டை கட்டியிருக்கு.”